கண்டி நகரும் காகிதப் பத்திரிகையும்

கொழும்பில் அச்சாகும் நாளிதழ் ஒன்று கண்டி நகரை அடைவதற்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தூரம் பிரயாணஞ் செய்தல் வேண்டும். கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகளைக் கடந்து, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீற்றர் உயரத்துக்கு அது ஏறி வருகின்றது. அங்கிருந்து கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, நாவலப்பிட்டி எனத் தேயிலைத் தோட்டங்களை நோக்கி மீண்டும் ஒரு பிரயாணம். செய்தியோ பாலைப் போன்றது. பொழுது ஏறஏறப் புளிக்கும் பண்டம். ஆகவே மலைநாட்டு வாசகரைப் பொறுத்தவரை பத்திரிகைத் தொழிலின் முதற் பிரச்சினை எக்காலத்திலும் தூரமாகவே இருந்து வந்துள்ளது. இன்று கைத்தொலைபேசி அந்தத் தூரத்தை இல்லாமற் செய்துவிட்டது. தூரம் நீங்கியதால் வாசகருக்கு நன்மை விளைந்தது. பத்திரிகை நடத்துவோருக்கோ வருவாயின் அடித்தளமே ஆட்டங் கண்டது. இந்த இக்கட்டை அவர்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை ஆராயுமுன், இதற்கு முன்னரும் புதிய கருவிகள் வந்து பத்திரிகையுலகைக் கலக்கியதுண்டு என்பதை நினைவு கூர்தல் நலம்.

1834இல் தொடங்கப்பெற்ற ‘கொழும்பு ஒப்சேவர்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகை 1850களில் புறாக்களை வளர்த்து வந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் தபாற் கப்பல்கள் அக்காலத்தில் காலித் துறைமுகத்திலேயே தங்கின. கப்பல் கொணர்ந்த செய்திகளைச் சுருக்கி மெல்லிய தாளில் எழுதிப் புறாவின் காலிற் கட்டிப் பறக்கவிட்டனர். கிரிமியாப் போரின் செய்திகள் இவ்விதமே கொழும்பை அடைந்தன. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக்கம்பி இடப்பட்டதும் புறாக்களின் ஊழியம் முடிவுற்றது. ஆனால், பத்திரிகை முடிவுறவில்லை. புறாவைப் பேணிய செலவைத் தந்திக்குத் திருப்பிவிட்டது, அவ்வளவே. 1867இல் கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியபின், கொழும்புப் பத்திரிகை அன்றைய தினமே மலைத் தலைநகரத்தாரின் கைக்குக் கிட்டும் வழி பிறந்தது.

கண்டி பத்திரிகையை வாங்கிப் படித்த ஊர் மாத்திரமன்று. பத்திரிகையாளரைத் தந்த ஊருமாகும். 1838இல் கண்டியிற் பிறந்து அங்கேயே வழக்கறிஞராக விளங்கிய மு. கா. சித்திலெப்பை அவர்கள் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழ் நாவல்களுள் முதலாவதாகக் கொள்ளப்படும் ‘அசன்பே சரித்திரம்’ (1885) அவர்கள் எழுதியதே என்பதை இலக்கிய மாணவர் அறிவர். இங்கு கருதத்தக்கது, அவ்விதழில் அவர்கள் அரபுத் தமிழுக்கும் இடமளித்தமையாகும். தமிழ் மொழியை அரபு எழுத்தால் எழுதும் முறையே அரபுத் தமிழ் எனப்படுவது. அக்காலத்து முஸ்லிம் மக்களுட் பலர் வீட்டிற் பேசியது தமிழ். ஆனால், பள்ளியில் ஓதக் கற்ற எழுத்து அரபு. தமிழ் நெடுங்கணக்கைக் கற்று வாருங்கள், பிறகு பத்திரிகை படிக்கலாம் என்று அவர்களைக் காத்திருக்க வைத்திருந்தால் பத்திரிகை யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்? வாசகர் எந்த எழுத்தை அறிவாரோ அந்த எழுத்தைத் தேடிப் பத்திரிகை சென்றது. இணையம், செயலி என்றெல்லாம் இன்று பேசப்படும் மாற்றத்தின் உயிர்நாடியும் இதுவேயாம்.

தோட்டப் பகுதிகளில் நிலைமை இன்னுங் கடினமாயிருந்தது. அங்கே எந்த எழுத்தையும் அறியாதோரே மிகுதி. தஞ்சாவூரிலிருந்து வந்து, 1921 முதல் ‘தேசநேசன்’, 1924 முதல் ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யர் அவர்கள் பின்னர் மலைநாட்டையே தம் களமாகக் கொண்டார்கள். பத்திரிகையில் எழுதியதை அவர்களும் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் பாட்டாகவும் சிறு பிரசுரமாகவும் ஆக்கித் தொழிலாளரிடம் கொண்டு சென்றனர். அம்மையார் கூட்டங்களில் பாடினார்கள். படிக்கத் தெரியாதவர் கேட்டு விளங்கிக்கொண்டனர். 1930இல் ‘வீரகேசரி’யும் 1932இல் ‘தினகர’னும் தோன்றிய பின்னரும் தோட்டங்களில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. ஒரு பிரதி விற்றால் ஒரு வாசகர் என்று கணக்கிடும் மேனாட்டுக் கணிதம் அங்கே பொருந்தாது. 1960களில் கண்டியிலிருந்தே ‘செய்தி’, ‘மலைமுரசு’ முதலிய இதழ்கள் எழுந்து மலையக எழுத்தாளர் பலருக்குக் களமமைத்தன. 2000ஆம் ஆண்டில் ‘ஞானம்’ என்னும் திங்களிதழும் இந்நகரிலேயே பிறந்தது.

வானொலி நேயர்கள் ஒன்றைக் கேட்டு நகைக்கக்கூடும். இன்று பத்திரிகை இணையத்தைக் கண்டு அஞ்சுவது போல, ஒரு காலத்தில் வானொலியைக் கண்டு அஞ்சியது. பிரித்தானியாவில் 1922இல் ஒலிபரப்புத் தொடங்கியபோது, மாலை 7 மணிக்கு முன் செய்தி வாசித்தலாகாது என்று பத்திரிகை முதலாளிகள் நிபந்தனை விதிக்கச் செய்தனர். அதற்குள் தமது பிரதிகள் விற்றுத் தீர்ந்துவிட வேண்டும் என்பது கணக்கு. அமெரிக்காவில் 1933இல், நாளொன்றுக்கு 5 நிமிடச் செய்தியறிக்கை இரண்டுக்கு மேல் கூடாது என வானொலியைக் கட்டுப்படுத்த முயன்றனர். இவ்வேலிகள் நீடித்தனவா எனில் இல்லை. வேலி சாய்ந்த பின்னரே பத்திரிகைகள் தமது பணி யாது என்று சிந்திக்கத் தலைப்பட்டன. நடந்தது இன்னது என்பதை வானொலி முந்திச் சொல்லட்டும். அது ஏன் நடந்தது, இனி யாது விளையும் என்பதை மறுநாட் காலை நாம் விரித்துரைப்போம் எனத் தம் எழுத்தை மாற்றிக்கொண்டன. பின்னர் வானொலிக்கும் தன் முறை வந்தது. உலகெங்கும் தமிழர் செவிமடுத்த பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நிறுத்தப்பெற்று, அந்நிறுவனத்தின் தமிழ்ப்பணி இணையத்தையே முதன்மையாகக் கொண்டது.

இனி, இணையத்தின் வரவுக்கு வருவோம். கணினி முதலில் நுழைந்தது ஆசிரியரின் மேசைக்கன்று, அச்சுக்கூடத்துக்கே. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களுக்கும் வேண்டிய ஈய அச்சுக்களை அறையறையாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றாய் எடுத்துக் கோத்த அச்சுக்கோப்பாளரின் வேலையைக் கணினி மேற்கொண்டது. பக்கம் விரைவில் ஆயத்தமாயிற்று. ஆயினும், அதில் ஒரு சிக்கல் மறைந்திருந்தது. இலங்கையில் பரவலாக வழங்கிய ‘பாமினி’ போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை அமர்த்திக் காட்டும் ஏற்பாடுகளே. தாளில் அச்சிடும்வரை குறையொன்றும் தெரியாது. அதே எழுத்தை அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினிக்கு அனுப்பினாலோ, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே திரையில் தோன்றும். உலக எழுத்துக்கள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோட் முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. எனினும், அச்சுக்கூடங்கள் பழகிய எழுத்துருவை எளிதில் விடவில்லை. ஆகவே ஒரே செய்தியை அச்சுக்கு ஒருவகையாகவும் இணையத்துக்கு இன்னொருவகையாகவும் மாற்றி அமைக்கும் இரட்டை வேலை பல ஆண்டுகள் நீடித்தது. பொறுமையைச் சோதிக்கும் வேலை அது.

லேக் ஹவுஸ் நிறுவனம் தன் பத்திரிகைகளை 1990களின் நடுப்பகுதியிலேயே இணையத்தில் ஏற்றத் தொடங்கிற்று, ஏனையவை பின்தொடர்ந்தன. அக்காலத்தில் யாரும் இதனைப் பெரிய ஆபத்தாகக் கருதவில்லை. காலையில் அச்சான செய்தியை அப்படியே திரையில் ஒட்டிவைப்பதும், அதனை இலவசமாக வழங்குவதும் புலம்பெயர்ந்த தமிழருக்குச் செய்யும் ஓர் உபசாரம் போலவே எண்ணப்பட்டன. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997இல் வெளியிட்ட நூலொன்றில் இந்த மனநிலையைத் தெளிவாக விளக்கியுள்ளார். தொழிலைப் புரட்டிப் போடும் கருவி வரும்போது தரத்திற் குறைந்ததாகவே வரும். அதன் இலாபமும் அற்பமாகவே தோன்றும். அதனால் நன்கு நடைபெறும் நிறுவனங்களே அதனைப் புறக்கணிக்கின்றன. அது வளர்ந்து முதிர்ந்தபின் அவை விழித்துக்கொள்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. ஆரம்பகால இணையத்தில் ஒரு படம் திரையில் முழுமையாய்த் தோன்றுவதற்குள் பத்திரிகையின் முதற் பக்கத்தையே படித்து முடித்துவிடலாம். அதைக் கண்டு அஞ்சாமலிருந்தமைக்காகப் பத்திரிகையாளரைப் பெரிதும் குறைகூறுதல் முறையன்று.

ஆபத்து செய்திப் பக்கத்தில் தொடங்காது சிறு விளம்பரப் பக்கத்தில் தொடங்கிற்று என்பதே பலர் கவனியாத செய்தி. வாசகர் கொடுக்கும் விலை, பெரும்பாலும் காகிதத்துக்கும் மைக்கும் ஏற்றிச் செல்லும் கூலிக்கும் ஈடாகும். சில வேளை அதற்கும் போதாது. ஆசிரியர் குழுவுக்கும் ஊர்தோறும் உள்ள நிருபர்களுக்கும் சம்பளம் கொடுத்தது விளம்பரமே. அதிலும் கட்டுகலையில் வீடு வாடகைக்கு, பேராதனையில் காணி விற்பனைக்கு, மணமகன் தேவை என்பன போன்ற நாலுவரி விளம்பரங்கள் பார்வைக்கு அற்பமாயினும் தவறாது வருவாய் தந்தவை. 2012இல் ‘இக்மன்’ என்னும் இணையச் சந்தை இலங்கையில் தொடங்கியது. வாகனமும் காணியும் வீடும் விற்போர் படங்களோடு விரிவாக விளம்பரஞ் செய்யும் வசதியை அது கொடுத்தது. திருமணத் தரகும் இணையத்துக்குப் பெயர்ந்தது. தமிழ்ப் பத்திரிகைகளுக்கே சிறப்பாக உரிய மரண அறிவித்தலும் அவ்வழியே செல்லலாயிற்று. கண்டியில் ஒருவர் காலமானால் கனடாவிலும் பிரான்ஸிலும் உள்ள உறவினர் சில மணி நேரத்தில் அறிய வேண்டியிருக்க, நாளைய பத்திரிகைக்காக யார் காத்திருப்பர்? பெரிய கம்பனிகளின் விளம்பரப் பணமோ கூகுள், பேஸ்புக் முதலிய உலக நிறுவனங்களின் பக்கம் சாய்ந்தது. அவை நிருபர் ஒருவரையும் கண்டிக்கு அனுப்புவதில்லை.

பிற நாடுகளில் இதற்குப் பலவிதப் பரிகாரங்கள் தேடப்பட்டன. ‘நியூயோர்க் டைம்ஸ்’ 2011இல் இணைய வாசகரிடம் சந்தா அறவிடத் தொடங்கி, 2020இல் அச்சு வருவாயை இணைய வருவாய் மிஞ்சும் நிலையை எட்டியது. இலண்டன் ‘கார்டியன்’ வாசலை மூடாமல், விரும்பியவர் தரும் நன்கொடையை நாடியது. மொன்றியல் நகரத்து ‘லா பிரெஸ்’ 2017 இறுதியோடு காகிதத்தைக் கைவிட்டு, மறு ஆண்டில் இலாபநோக்கற்ற அறக்கட்டளையாக மாறிற்று. 1703இல் பிறந்த வியன்னாவின் ‘வீனர் சைத்துங்’ 2023 ஜூன் 30ஆந் திகதி தன் கடைசித் தினசரிக் காகித இதழை வெளியிட்டது. சென்னையில் ‘இந்து’ ஆங்கில நாளிதழும் 2019ஆம் ஆண்டளவில் இணையச் சந்தா முறையை மேற்கொண்டது.

இவற்றை அப்படியே பெயர்த்து மலைநாட்டில் நடுதல் இயலுமா? ஆங்கிலப் பத்திரிகைக்கு உலகெங்கும் வாசகர் உளர். ஆயிரம் பேரில் ஒருவர் சந்தா செலுத்தினும் போதும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக 2021இலேயே வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதற்கும் எத்தனை ஆண்டுப் போராட்டம்! அத்தகைய குடும்பத்திடம், பலசரக்குக் கடையில் ஒரு பத்திரிகை வாங்கும் பழக்கத்தை எதிர்பார்க்கலாம். மாதச் சந்தாவை வங்கி அட்டை மூலம் செலுத்துமாறு எதிர்பார்த்தல் பேதைமை. ஆதலால் தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் நடுவழி ஒன்றையே பற்றியுள்ளன. செய்தியை இணையத்தில் இலவசமாக விடுகின்றன, அச்சுப் பக்கத்தின் வடிவத்தை மின்னிதழாக வழங்குகின்றன, காணொளியும் தயாரிக்கின்றன, இவையாவற்றின் செலவையும் இன்னும் காகித இதழின் விற்பனையும் விளம்பரமுமே பெரிதும் தாங்குகின்றன. பழைய மரத்தின் வேரிலிருந்து புதிய கன்றுக்கு நீர் பாய்ச்சும் ஏற்பாடு இது. மரம் பட்டுப்போவதற்குள் கன்று வேரூன்ற வேண்டும்.

மரத்தையும் இருமுறை புயல் தாக்கிற்று. 2020 மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நோய்ப் பரவல் அபாயமுள்ளவையெனக் கொள்ளப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்றானமையால் இங்கு கட்டுப்பாடு நீடித்தது. கடை திறவாதபோது பத்திரிகை எங்கே விற்பது? அந்நாட்களில் பத்திரிகைப் பக்கங்கள் வாட்ஸ்அப் வழியாகக் கைக்குக் கை பரவின; நெடுங்காலம் காகிதத்தையே படித்த முதியோரும் பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியில் விரலால் பக்கம் புரட்டப் பழகினர். பழக்கம் ஒருமுறை மாறினால் மீள்வது அரிது. அடுத்து 2022இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அச்சுக் காகிதம் கிடைப்பது அருமையாயிற்று. ‘ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளிதழ்களின் சனிக்கிழமைப் பதிப்புகள் அவ்வாண்டு மார்ச் 26ஆந் திகதியோடு அச்சில் நிறுத்தப்பட்டன. காகிதமின்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட காலம் அது. அச்சுக் காகிதத்தை அந்நிய நாட்டிலிருந்தே வாங்கவேண்டிய தேசத்தில், திறைசேரியில் டொலர் தீர்ந்தால் மறுநாட் பத்திரிகையும் தீரும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

பணத்தின் கதை இவ்வாறிருக்க, கண்டி மக்களுக்கு இப்பொருளில் வேறொரு கசப்பான அனுபவமும் உண்டு. 2018 பெப்ரவரி 22ஆந் திகதி இரவு தெல்தெனியப் பகுதியில் ஒரு லொறிச் சாரதி தாக்கப்பட்டார். அவர் சிங்களவர், தாக்கியோர் முஸ்லிம் இளைஞர் சிலர். மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் மருத்துவமனையில் உயிர்நீத்தார். சட்டப்படி விசாரிக்கப்பட வேண்டிய இக்குற்றத்தை இனப் போராகத் திரித்துக் கைத்தொலைபேசி வழியே செய்திகளும் காணொளிகளும் பரவின. மார்ச் 5ஆந் திகதி திகனவில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. எரிந்த வீடொன்றில் ஓர் இளைஞர் மாண்டார். அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களுக்கும் தீ பரவிற்று. 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. 7ஆந் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் முடக்கிற்று. ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னரே தடை நீங்கியது. பகையூட்டும் சிங்களப் பதிவுகளை உடனுக்குடன் படித்தறிந்து நீக்கப் போதிய ஆட்கள் தம்மிடம் இருக்கவில்லை என்னும் குறைபாடு பேஸ்புக் நிறுவனத்தின்மீது சுமத்தப்பட்டது. தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்காக அந்நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தந் தெரிவித்தது.

இதனைக் கொண்டு பழைய காலமே நற்காலம் என்று கூறிவிடலாகாது. 1915 மே மாதத்தின் இறுதியில் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட கலகம் இதே கண்டி நகரிலேதான் தொடங்கிற்று. அன்று கைத்தொலைபேசி இல்லை; வானொலியும் இல்லை. வதந்தியோ ஆள்வழியாக ஊரூராய்ச் சென்றது. அக்காலத்துப் பத்திரிகைகள் சில, பகையைத் தணிக்காமல் முன்கூட்டியே வளர்த்து வைத்தன என்பதும் வரலாறு. ஆயின், 1915இல் எழுதியவர் யார், அச்சிட்டவர் யார் என்பது பத்திரிகையின் தாளிலேயே இருந்தது. சட்டம் அவர்களைத் தேடிச் செல்ல முடிந்தது. இன்றும் பத்திரிகையில் பிழையான செய்தி கண்ட ஒருவர் 2003இல் அமைக்கப்பட்ட இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆசிரியர் திருத்தம் வெளியிடவேண்டி வரும். பத்துக் கை மாறி வந்த வாட்ஸ்அப் செய்திக்கு ஆசிரியர் யார்?

எனவே பத்திரிகைகள் விற்கும் பண்டமே இன்று மாறி வருகின்றது எனலாம். முந்திச் சொல்லும் ஓட்டத்தில் அவை கைத்தொலைபேசியை வெல்லப் போவதில்லை. அவ்வோட்டத்தில் இறங்கிய பத்திரிகை இணையத்தளங்கள், உறுதிப்படாத செய்தியைத் தாமும் அவசரமாய் ஏற்றிப் பின்னர் ஓசையின்றி நீக்கும் இழிநிலைக்கு ஆளாவதைக் காண்கிறோம். உலாவும் செய்தி ஒன்றை எடுத்து, பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் நேரிற் சென்று கேட்டு, இன்ன பகுதி மெய், இன்ன பகுதி பொய் என்று பெயரிட்டு எழுதுதல் பத்திரிகையால் ஆகும் காரியம். அதற்கு ஊரில் ஒரு நிருபர் வேண்டும். மலைநாட்டின் பிரதேச நிருபர்களுட் பலர் மாதச் சம்பளமின்றி, பிரசுரமான செய்திக்குக் கிடைக்கும் சிறுதொகையை நம்பியே எழுதுகின்றனர். விளம்பர வருவாய் சுருங்குந்தோறும் முதலில் வெட்டுண்பது அந்தச் சிறுதொகையே. மண்சரிவு அபாயமுள்ள லயன் வீடுகளைப் பற்றியோ, தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாமையைப் பற்றியோ கொழும்பிலிருந்து யார் வந்து எழுதுவர்? பெரிய பத்திரிகை நிறுவனங்கள் புதிய செயலிக்கும் காணொளிக் கூடத்துக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இந்நிருபர்களுக்கு ஒதுக்குமாயின், அது வேறெந்த முதலீட்டையும்விட அதிக பலன் தரும்.

புதிய கருவி செய்த பேருபகாரம் ஒன்றையும் சொல்லாது விடுதல் நன்றன்று. 2005இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படிமமாக்கி எவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. யாழ்ப்பாணப் பொதுநூலகமும் ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் 1981இல் எரியுண்டதைக் கண்ட சமுதாயத்துக்கு இதன் அருமை விளங்கும். கண்டியின் சிறு இதழ்கள் பல, ஓரிரு ஆண்டுகளே வாழ்ந்து மறைந்தவை. அவற்றின் முழுத்தொகுதி எந்த ஒரு நூலகத்திலும் எளிதிற் கிட்டாது. பழைய வீடுகளின் பரண்களிலும், இளைப்பாறிய ஆசிரியர்களின் பெட்டிகளிலும் அவற்றின் தனிப் பிரதிகள் இன்னும் கிடத்தல் கூடும். கறையான் முந்துவதற்குள் அவற்றைப் படிமமாக்கும் கருவி இன்று எந்தப் பாடசாலையிலும் உண்டு. ஒரு கைத்தொலைபேசியும் நல்ல வெளிச்சமும் இருந்தாற் போதும்.